'அ' பதிவேட்டுக்குள் ஒரு சிப்பாய்

சித்திரை கடைசி. புதன்சந்தை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் தூரத்தில் நைனாமலை மங்கலாகத் தெரியும். முன்னால் நான்குவழிச் சாலையில் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் லாரிகள் ஓயாது. அக்கா மகன் பைக்கை ஓரங்கட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். முட்டைக்கோழிக்கு இன்னொரு ஷெட் போடப் போகிறான். பாங்கியில் கடன் கேட்டிருக்கிறான்.

"பத்திரம் கொடுத்தாச்சு, வில்லங்கம் போட்டுக் கொடுத்தாச்சு. அப்புறமும் 'அ' பதிவேடு கொண்டாங்கறாங்க. இ-சேவையில எடுத்தாந்துட்டேன். எல்லாஞ் சரியாத்தான் இருக்குது மாமா. இந்த ஒரு கட்டந்தான் புரியலை. 'ரயத்துவாரி'ன்னு போட்டிருக்குது. நம்ம காட்டுல வாரி ஏது? மழை பேஞ்சாக்கூடத் தண்ணி நிக்கறதில்லையே?"

நியாயமான கேள்விதான். ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்தோடுகிற வாரியை நமக்குத் தெரியும். இந்த 'வாரி' பாரசீகத்திலிருந்து வந்தது. 'ரயத்' என்றால் குடி, உழுகிறவன். 'வாரி' என்றால் ஒவ்வொன்றாக, வகைப்படி. ஊருக்கு மொத்தமாக இல்லாமல், ஜமீனுக்குக் குத்தகையாக இல்லாமல், குடி குடியாகக் கணக்கு என்பதுதான் அந்த ஒற்றைச் சொல்லின் பொருள்.

"இதைச் சொல்றதுக்கு ஒரு சிப்பாய் கதையைச் சொல்லோணும் மாப்ளே. அவன் கதை அமெரிக்காவுல ஆரம்பிக்குது" என்றேன். அவன் மணியைப் பார்த்தான். நான் இரண்டு டீ சொன்னேன்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற ஊர். அங்கே அலெக்சாண்டர் மன்றோ என்று ஒரு வியாபாரி. அமெரிக்காவில் வர்ஜீனியாவிலிருந்து புகையிலை இறக்கி விற்பது தொழில். 1761 மே 27-இல் அவருக்குப் பிறந்த மகன் தாமஸ். சிறு வயதில் தட்டம்மை வந்து காது கொஞ்சம் மந்தமானது. படிப்பில் கெட்டி, அப்பாவின் தொழிலுக்கே போயிருக்க வேண்டிய பையன். 1775-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்துக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கின. புகையிலைக் கப்பல் நின்றது, கொடுத்த கடன் திரும்பவில்லை, மன்றோ குடும்பம் நொடித்தது. கடை முறிந்த வீட்டுப் பையனுக்கு அன்று இருந்த வழி கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம். 1780 ஜனவரியில், பதினெட்டு வயதில், தாமஸ் மன்றோ சென்னையில் வந்து இறங்கினான்.

வந்த வருடமே ஹைதர் அலி கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சில மைல் தள்ளி நின்ற இன்னொரு படையில் இளம் மன்றோ இருந்தான். அந்தப் படை சென்னைக்குப் பின்வாங்கியது. மறுவருடம் ஜூலையில் பரங்கிப்பேட்டைப் போரில் கம்பெனி ஜெயித்தபோதும் அவன் களத்தில் இருந்தான். அதே 1781 அக்டோபரில், கடலுக்கு அந்தப் பக்கம், யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் என்ற ஆங்கிலேய ஜெனரல் வாஷிங்டனிடம் சரணடைந்தார். அமெரிக்கா அநேகமாகக் கைவிட்டுப் போனது.

"அந்தப் பேரைக் கேட்ட மாதிரி இருக்குது" என்றான்.

கேட்டிருப்பான், பள்ளிக்கூடப் புத்தகத்தில். அங்கே தோற்ற அதே கார்ன்வாலிஸை 1786-இல் கவர்னர் ஜெனரலாக இங்கே அனுப்பினார்கள். திப்புவோடு மூன்றாம் மைசூர்ப் போர் நடத்தி, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை எழுதி வாங்கினார். திப்பு நாட்டில் பாதியைக் கொடுத்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரைப் பிணையாக அனுப்பினார். கம்பெனி பங்குக்கு வந்ததில் திண்டுக்கல், மலபார், பாரமகால், சேலம் எல்லாம் உண்டு. நாம் டீ குடிக்கிற இந்தச் சமவெளி கம்பெனிக் கணக்கில் ஏறியது அப்படித்தான். அமெரிக்காவில் கடை முறிந்தவனின் மகனும் படை தோற்ற தளபதியும், ஒருவரையொருவர் தேடாமலே, நம் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

பிடித்த நாட்டை என்ன செய்வது? பட்டாளத்துக்குச் சம்பளம் வேண்டும். சம்பளத்துக்குப் பணம் நிலத்திலிருந்துதான் வர வேண்டும். சென்னையில் இருந்த கம்பெனி சிவில் அதிகாரிகளில் அநேகருக்கு நாட்டு மொழி தெரியாது. துபாஷி சொன்னதுதான் வேதம். கார்ன்வாலிஸ் அவர்களை நம்பவில்லை. ஜனங்களோடு பேசத் தெரிந்த பட்டாளத்துக்காரர்களைக் கலெக்டர் வேலைக்குப் போட்டார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைவர். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள்: கிரஹாம், மெக்லியட், மன்றோ. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரஹாம், நடுவில் தருமபுரி மன்றோ. தொப்பூர் இறக்கத்துக்குக் கீழே சேலம், நாமக்கல், திருச்செங்கோடு உள்ளிட்ட நம் தாலுக்காக்கள் மெக்லியட் கையில்.

மன்றோவுக்கு அப்போது முப்பது, முப்பத்தொரு வயது. ஏழு வருடம் தருமபுரியில் இருந்தார். வீடு கட்டித் தோட்டம் போட்டார். ஆனால் வேலை வீட்டில் இல்லை. ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, மணியக்காரரையும் கணக்குப்பிள்ளையையும் உட்கார வைத்து, குடியானவர்களைக் கூப்பிட்டு, இந்தக் காடு என்ன விளையும், அந்த வயலுக்கு எந்தத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிற வேலை. காது மந்தமான மனிதருக்குக் கேட்பதே உத்தியோகமாக வாய்த்தது. கலெக்டராகப் போகிறவன் ஜனங்களின் பாஷையைப் படிக்க வேண்டும் என்று கடைசிவரை பிடிவாதமாக எழுதிவந்ததற்கு இந்த ஏழு வருடம்தான் அஸ்திவாரம்.

மாப்பிள்ளை காகிதத்தைப் பெஞ்சில் விரித்தான். நான் கட்டம் கட்டமாக விரலை வைத்தேன்.

புல எண், உட்பிரிவு. ரீட் குழு 1793 வாக்கில் அளக்கத் தொடங்கி, சில வருடங்களில் வயல் வயலாக அளந்து முடித்தது. அதற்கு முன்பும் இங்கே அளவு உண்டு. நம் பெரியவர்கள் வள்ளக் கணக்கில்தான் காட்டைச் சொல்வார்கள். ஆனால் ஊர்க் கணக்கு கணக்குப்பிள்ளையின் ஓலைக்கட்டில் இருந்தது. சர்க்காருக்குத் தெரிந்தது ஊரின் மொத்தத் தொகை மட்டுமே. ஒவ்வொரு வயலுக்கும் தனி விவரம் எழுதி மேலே அனுப்பியது அவர்கள் செய்த மாற்றம். இன்று நீ பார்க்கிற புல எண்ணும் கல்லும் 1858-க்குப் பிறகு சர்வே இலாகா அமைந்து, திரும்பவும் அளந்து போட்டவை.

அடுத்த கட்டம், மண் வயனமும் ரகமும். கோடு போட்டு இரண்டு எண் இருக்கும். கரிசலா, செம்மண்ணா, மணலா என்பது ஒன்று. அதில் மேலா, நடுத்தரமா, மட்டமா என்பது இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் மண் தரம். அதற்கும் பக்கத்தில் தீர்வை. மண்ணைப் பார், தரம் போடு, தரத்துக்கு ஒரு தொகை வை. வரிசையே அந்தக் காரியத்தின் வரிசைதான்.

இப்போது அவன் கேட்ட கட்டம்: அரசு அல்லது ரயத்துவாரி. 1796 டிசம்பரில் ரீட் ஓர் அறிவிப்பு விட்டார். ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை இன்னதென்று தெரிந்திருக்கும். குடியானவன் வருடத் தொடக்கத்தில் தனக்கு வேண்டிய வயலை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விடலாம். வைத்துக்கொண்டதற்கு மட்டும் அவன் பேரிலேயே பட்டா, அவனே நேராகச் சர்க்காருக்குக் கட்ட வேண்டும். நடுவில் ஜமீன் இல்லை, குத்தகைக்காரன் இல்லை. இந்த ஏற்பாட்டில் மன்றோவுக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. வருடா வருடம் ஆயிரக்கணக்கான பேரோடு கணக்குப் பார்ப்பதா என்ற சந்தேகம். செய்து பார்த்த பிறகுதான் மனம் மாறினார். மாறிய பிறகு அவரைவிடப் பெரிய வக்கீல் அதற்குக் கிடைக்கவில்லை. யோசனை ரீட்டுடையது, பெயர் மன்றோவுக்குப் போனது.

"வருசா வருசம் கணக்குன்னா, நம்ம ஜமாபந்தியா மாமா?"

அதேதான். தாலுக்கா ஆபீசில் மே, ஜூனில் நடக்கிற ஜமாபந்தி அந்தப் பழக்கத்தின் மிச்சம். ஜூலை 1-இல் பசலி ஆண்டு பிறக்கிறது. அதற்குள் பழைய வருடக் கணக்கை முடிக்க வேண்டும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருடம் வந்துவிடும்: பசலி 1434 என்றால் 2024 ஜூலை. அன்று அது வரி நிர்ணயிக்கிற நாள். இன்று மனுக் கொடுக்கிற நாள்.

டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல மனுசனாத்தான் இருப்பாரு போல" என்றான்.

அங்கேதான் நிதானிக்க வேண்டும். முறை ஒன்று, தொகை ஒன்று. முறை நேராக இருந்தது. தொகை கனமாக இருந்தது. வேண்டாத வயலை விடலாம் என்று அறிவிப்பில் இருந்தாலும், வசூல் குறைந்தால் அதிகாரிக்குக் கெட்ட பெயர். விட்டுவிட்டுப் போகிறவனை விடமாட்டார்கள். பெல்லாரி, கடப்பைப் பக்கம் 1800 முதல் 1807 வரை கலெக்டராக இருந்த மன்றோவே, கிளம்பும்போது தீர்வையில் கால் பங்கு குறைத்தால்தான் குடியானவன் பிழைப்பான் என்று எழுதி வைத்தார். கம்பெனி கேட்கவில்லை. 1820-இல் அவரே சென்னைக்குக் கவர்னராக வந்தபோதுதான் அந்தக் குறைப்பு கிடைத்தது. அவர் போன பிறகும் கசக்கிப் பிழிவது நிற்கவில்லை. 1854-55-இல் சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. வரி வசூலுக்காக ஜனங்களைச் சித்திரவதை செய்ததை அதுவே எழுதியது. விரலைக் கட்டைக்கு இடையில் வைத்து நெரிக்கிற கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைக்கிற அண்ணாந்தாள். இரண்டும் தமிழ்ப் பெயரிலேயே அந்த ஆங்கில அறிக்கையில் ஏறிவிட்டன. செய்தவர்களில் அநேகம் பேர் நம் ஊர்ச் சேவகர்கள்.

வரிப்பணம் என்பது அன்று சும்மா கணக்கல்ல, அதுதான் ராஜ்யம். மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்தவர் என்று நம் பக்கம் கதை சொல்லப்படுகிற தீரன் சின்னமலையை, 1805-இல் சங்ககிரியில் தூக்கில் போட்டார்கள். அந்தக் கோட்டை இங்கிருந்து எத்தனை தூரம்? அளவுச் சங்கிலியும் தூக்குக் கயிறும் ஒரே சர்க்காரின் கையில் இருந்தன.

அமெரிக்காவை ஏன் இழுத்தேன் என்று அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. வாஷிங்டன் பதினேழு வயதில், 1749-இல், வர்ஜீனியாவில் ஒரு கவுண்டிக்குச் சர்வேயர். முதலில் சங்கிலி பிடித்தார், பிறகு துப்பாக்கி, பிறகு 1789-இல் நாட்டின் தலைமை. மன்றோ முதலில் துப்பாக்கி, பிறகு சங்கிலி, பிறகு மாகாணத்தின் தலைமை. புதிய நாடு பிடித்தவர்களுக்கு எல்லா இடத்திலும் முதல் தேவை நிலத்தைக் காகிதத்தில் ஏற்றுவது. வித்தியாசம் ஒன்று உண்டு. அமெரிக்கர்கள் 1785-இல் சட்டம் போட்டு, பழங்குடிகளின் மண்ணை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக வெட்டி, விற்பதற்காக அளந்தார்கள். இங்கே ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவனிடம் வசூலிப்பதற்காக அளந்தார்கள். அதனால் அங்கே வரைபடம் நேர்க்கோடு. நம் புலப்படத்தில் வரப்பு எப்படி வளைகிறதோ அப்படியே கோடும் வளைகிறது.

"சரி மாமா, அப்ப எங்க காடும் 1796-லேயே ரயத்துவாரி ஆயிருச்சா?"

இல்லை. இதுதான் நம் சேலம் ஜில்லாவின் தனிக்கதை. 1799-இல் திப்பு விழுந்தார். ரீட் குழு கலைந்தது. மன்றோ வருத்தத்தோடு தருமபுரியை விட்டுக் கன்னட நாட்டுக்குப் போனார். அதற்குள் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் 1793-இல் போட்ட நிரந்தரத் தீர்வையே சிறந்தது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. 1802 தொடங்கி இங்கே ஊர்களை மூட்டை கட்டி, 'மிட்டா' என்று பெயர் வைத்து ஏலம் விட்டார்கள். எடுத்தவர் மிட்டாதார். வயல் வயலாக எழுதிய கணக்கு பரணுக்குப் போனது. தொகை கனம், எடுத்தவர்களில் பலர் கட்ட முடியாமல் விட்டார்கள், அந்த ஊர்கள் திரும்பச் சர்க்காருக்கு வந்து ரயத்துவாரி ஆயின. தாக்குப்பிடித்தவை மிட்டாவாகவே நீடித்தன. ஒரு ஊர் ரயத்துவாரி, பக்கத்து ஊர் மிட்டா என்று நூற்றைம்பது வருடம் போல ஓடியது.

மன்றோ இதற்கிடையில் லண்டன் போய், 1813-இல் பார்லிமெண்டில் சாட்சி சொன்னார். திரும்பி வந்து, 1817-18 மராட்டியப் போரில் மறுபடி வாளெடுத்துப் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். 1820-இல் கவர்னர். ரயத்துவாரியை மாகாணத்தின் பொது முறையாக நிலைநிறுத்தினார். 1822-இல் ஒவ்வொரு கலெக்டரிடமும், உன் ஜில்லாவில் பள்ளிக்கூடம் எத்தனை, படிக்கிறவர் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்டார். 1824 கடைசியில் எழுதிய நீண்ட குறிப்பில், இந்தியர்களைப் பெரிய பதவிகளில் வைக்காமல் ஆள்வது தவறு, தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் காலத்துக்கு அவர்களைத் தயார் செய்ய வேண்டும் என்றார். அப்படி எழுதியவர் கடைசிவரை கம்பெனியின் ஆள்தான், இரண்டும் உண்மை. 1827-இல் ஊருக்குத் திரும்புமுன் பழைய ஜில்லாக்களை ஒருமுறை பார்க்கப் புறப்பட்டார். ஜூலை 6-இல் கர்னூல் பக்கம் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். குத்தி என்ற ஊரில் புதைத்து, பிறகு சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரீஸ் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள்.

"தீவுத்திடல்கிட்ட குதிரை மேல ஒருத்தர் இருக்காரே..."

அவரேதான். அங்கவடி இல்லாத குதிரை.

"எங்க ஊரு என்ன ஊரு மாமா?"

"உங்கப்பாரு 'மிட்டாதார் வீடு'ன்னு ஒரு வீட்டைக் காட்டுவாரே, நெனப்பிருக்குதா?"

நினைவு இருந்தது. அவர்கள் ஊருக்கு ரயத்துவாரி வந்தது மன்றோ காலத்தில் அல்ல. நாடு விடுதலையான பிறகு. ஜமீன் ஒழிப்பு என்று நாம் சுருக்கிச் சொல்கிற 1948-ஆம் வருடச் சட்டத்தின் முழுப்பெயரே, எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றுகிற சட்டம் என்பதுதான். மிட்டாதாருக்கு வாரம் அளந்துகொண்டிருந்த குடியானவனுக்கு, சர்க்கார் பட்டா அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் கிடைத்தது.

இப்போது பாங்கிக்காரர் பத்திரத்தோடு 'அ' பதிவேட்டையும் ஏன் கேட்கிறார் என்பதற்கு வரலாம். பத்திரம், யார் யாருக்கு விற்றார்கள் என்று சொல்கிறது. பட்டா பிறந்ததே வேறு கேள்விக்கு: இந்த வயலுக்குத் தீர்வை கட்ட வேண்டியவன் யார்? அது ஒரு சிப்பாய் எழுதிய பில். அதனால்தான் பட்டா மட்டும் உரிமைக்குச் சாட்சி ஆகாது என்று இன்றும் கோர்ட்டில் சொல்கிறார்கள். ஆனால் பில்லில் பேர் இருக்கிறவனைத்தான் சர்க்காருக்குத் தெரியும். கரண்ட் கனெக்‌ஷன், பயிர்க் கடன், நஷ்ட ஈடு எல்லாம் அந்தப் பேரைப் பார்த்துத்தான் நகரும். தொகை தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போனது. பேர் மட்டும் வலுத்துக்கொண்டே வந்தது.

அவன் தீர்வைக் கட்டத்தைப் பார்த்தான். இரண்டு ஏக்கர் காட்டுக்கு இரண்டு ரூபாய் ஐந்து பைசா. டீக்கடைப் பலகையில் ஒரு டீ பதினைந்து ரூபாய்.

சிரித்துக்கொண்டே காகிதத்தை மடிக்கப் போனவனை நிறுத்தினேன். கடைசிக்கு முந்திய கட்டத்தை இரண்டு பேரும் இன்னும் பார்க்கவில்லை. பட்டா எண், அதற்குக் கீழே பெயர்.

"யார் பேரு போட்டிருக்குது?"

குனிந்து பார்த்தான். முகம் மாறியது. "அப்பாரு பேரு..."

அப்பாரு போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. பங்கு பிரித்துப் பத்திரம் எழுதினார்கள். பட்டா மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. சர்க்கார் கணக்கில் அந்தக் காட்டை இன்னும் அவர்தான் உழுதுகொண்டிருக்கிறார்.

"எல்லாஞ் சரியா இருக்குதுன்னனே மாமா."

"பாங்கிக்கு அப்புறம் போலாம். உட்பிரிவு பண்ணோணும், பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுக்கோணும். ஜமாபந்தி உங்க பிர்க்காவுக்கு என்னைக்குன்னு வி.ஏ.ஓ.கிட்டக் கேளு."

அவன் அங்கேயே நின்று போன் போட்டான். டீக்காசை நான் கொடுத்தேன். அவன் காட்டுக்குப் பதினாலு வருடத் தீர்வைக்கு மேல்.